வெல்டிங் பழக்குகிறவர்களுக்கு: முதலில் அவருக்கு என்ன தெரியும் என்று பாருங்கள்

திருவொற்றியூரில் பதினோரு வருடமாக வெல்டிங் பழக்குகிறேன். காசிமேட்டில் படகு இன்ஜின் பிரித்தவர், ஐ.டி.ஐ. முடித்தவர், பத்தாவதோடு நின்றவர், எல்லாரும் ஒரே பேட்சில் வருவார்கள். எல்லாருக்கும் ஒரே பாடத்தை ஓட்டாதீர்கள்.

முதல் நாள் ராடு (மின்சாரத்தில் உருகி இணைப்பை நிரப்பும் வெல்டிங் குச்சி) பாக்கெட்டைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ராடின் வகை 6013, தடிமன் 3.15 மி.மீ., அதற்கு ஆம்ப்ஸ் (மின்னோட்டத்தின் அளவு) எவ்வளவு என்று யார் கண்டுபிடிக்கிறார் என்று பாருங்கள். அப்புறம் ஷீல்டு, கையுறை மாட்டிவிட்டு, பக்கத்திலேயே நின்று, தகட்டில் ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

ஒரே நேரத்தில் மனத்தில் நிற்பது ஏறக்குறைய ஏழு விஷயம் என்று 1956-இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். 2001-இல் இன்னொரு உளவியலாளர் நெல்சன் கோவன் அதை நான்காகக் குறைத்தார். ராடின் சாய்வு, ராடு நுனிக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி, கை வேகம், ஆம்ப்ஸ்: எங்கள் வேலையில் நான்கும் இங்கேயே தீர்ந்துபோகிறது. சட்டென்று பிடித்துக்கொள்கிறவர் நான்கையும் தாங்குவார். மற்றவருக்கு ஆம்ப்ஸை நீங்களே வைத்துக் கொடுங்கள், இடைவெளியை மட்டும் இரண்டு நாள் பழகட்டும். அவர் மந்தம் இல்லை, சுமைதான் அதிகம். ஒன்று கையில் படிந்துவிட்டால் அடுத்ததற்கு இடம் கிடைக்கும்.

தெரிந்ததைப் பிடித்துக்கொண்டு போங்கள். இன்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிற தம்பியிடம், "எண்ணெயில் மீன் பொரிகிற மாதிரி கேட்டால் இடைவெளி சரி" என்றேன். அன்று மாலையே அவன் பீடு (உருகி உறைந்த வெல்டிங் கோடு) நேராக வந்தது.

பழைய பழக்கம் காலை வாருவதும் உண்டு. கேஸ் வெல்டிங்கில் சுடர் விடும் டார்ச் ஒரே உயரத்தில் நிற்கும். ராடு நுனியில் மின்சாரச் சுடர் (ஆர்க்) எரியும் ஆர்க் வெல்டிங்கிலோ ராடு உருகிக் குறைந்துகொண்டே வரும், கை இறங்கிக்கொண்டே போக வேண்டும். கேஸில் பல வருடம் இருந்த ஒருவர் கையை இறக்காததால் ஆர்க் அணைந்துகொண்டே இருந்தது. "இது கூடவா தெரியாது?" என்று கேட்டுவிட்டேன். மறுநாள் அவர் வரவில்லை. இன்றும் அது உறுத்துகிறது. இப்போதெல்லாம் அப்படி வருகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "அண்ணே, உங்க கை நல்ல கை. இங்கே ராடு கரையும், அது ஒன்றுதான் வித்தியாசம்." ராடை ஹோல்டரில் மாட்டி, மிஷினை அணைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்து மெல்ல இறக்கிக் காட்டுகிறேன். பத்துத் தடவை. அதன் பிறகுதான் கரண்ட்.