களத்தில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லாதீர்கள்

அறுவடை நேரத்தில் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் எந்த அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் களத்தில் விழுந்தவர், அரிவாள் பட்டவர் என்று நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். புருஷனிடம் அடிவாங்கியவரும் அதே வரிசையில் நின்று, "களத்துல வழுக்கிட்டேன் டாக்டர்" என்பார். மாமியார் பக்கத்திலேயே நிற்கும்போது வேறென்ன சொல்வது? ஆனால் விபத்துப் பதிவேட்டில் டாக்டர் எழுதுவது நீங்கள் சொன்னதைத்தான். அதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறோம். நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைப் படித்துக் காட்டினால் போதும், உங்கள் கையிலிருக்கும் தையல் அவர் பக்கத்துச் சாட்சியாகிவிடும். கூட வந்தவரைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லுமாறு நர்ஸிடம் கேளுங்கள். யார் அடித்தார், எதைக் கொண்டு அடித்தார், எப்போது என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது மகளிர் காவல் நிலையம். அங்கே கவுன்சலிங் நடக்கும், பெரியப்பா, வார்டு கவுன்சிலர் எல்லாம் வருவார்கள், "இனி அடிக்க மாட்டேன்" என்று புருஷன் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுப்பார். நீங்களும் "புகாரை வாபஸ் வாங்குகிறேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவீர்கள். அந்தத் தாள் கோர்ட் உத்தரவு இல்லை. அதை மீறினார் என்பதற்காக மட்டும் தனியாகத் தண்டனை கிடையாது. சமரசம் பேசுவது உங்கள் இஷ்டம், ஆனால் மனு கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

"கேஸ் கொடுத்தா அன்னைக்கே உள்ளே வைப்பாங்க" என்று நம்புவதும் தப்பு. மனைவியைக் கணவரோ அவர் வீட்டாரோ கொடுமைப்படுத்தினால் போடும் பழைய 498ஏ, 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 85 ஆகிவிட்டது. தண்டனை மூன்று ஆண்டு வரை. இப்படிப்பட்ட வழக்கில் எடுத்த எடுப்பில் கைது கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே சொல்லிவிட்டது. உங்களுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு என்றால் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாஜிஸ்திரேட்டிடம் நேராக மனுப் போடலாம். எஃப்.ஐ.ஆர். இருக்க வேண்டியதில்லை. மனு எழுத மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் உதவுவார், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் குழுவில் இலவச வக்கீலும் உண்டு.

கட்டிக்கொடுத்தது திருப்பூரில், இப்போது இருப்பது மன்னார்குடி அம்மா வீட்டில் என்றால் அந்த மனுவை மன்னார்குடியிலேயே போடலாம். வீடு மாமியார் பேரில் இருக்கிறது என்று பயந்து வெளியேறவும் வேண்டாம். கணவரோடு குடும்பம் நடத்திய வீடு என்றால், அது யார் பேரில் இருந்தாலும் அங்கே தங்கும் உரிமையைக் கேட்கலாம். 2020-இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது.

எனக்கு அதிகம் எரிச்சல் வருவது கடைசித் தவறில்தான். அலைந்து திரிந்து, இனி அடிக்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட் போடும் பாதுகாப்பு உத்தரவை வாங்கி, அதைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துவிடுவார்கள். ராத்திரி அவர் வந்து கதவை உதைக்கும்போது, "ஆர்டர் எங்கேம்மா?" என்று கேட்கும் போலீஸிடம் காட்டக் கையில் எதுவும் இருக்காது. நகலுக்குக் காசு கிடையாது. கோர்ட்டே ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும்தான், இருந்தாலும் நீங்களும் நேரில் ஒன்று கொடுத்து, இன்னொன்றில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் ஒரு போட்டோவும் இருக்கட்டும். அந்த உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம்.