பசங்களோட ஸ்கூல் சேர்க்கை சதவீதத்த வச்சு கதை சொல்றப்ப பண்ணக் கூடாத தப்புங்க

இந்தியாவுல ஆம்பளப் பசங்க எத்தன சதவீதம் பேர் செகண்டரி ஸ்கூல்ல சேந்திருக்காங்கன்னு வருஷவாரியா எக்செல்ல போட்டு கோடு இழுக்கறது அஞ்சு நிமிஷ வேலை. அந்தக் கோடு ஏன் ஏறுது, ஏன் இறங்குதுன்னு சொல்லப் போறப்பதான் நெறைய பேர் சறுக்கறாங்க. ஏன்னா அந்த ஏத்த இறக்கத்துல கொஞ்சம் கிளாஸ் ரூம்ல நடக்கவே இல்ல, டெல்லியில உக்காந்து ஃபார்மட்ட மாத்தினப்ப நடந்தது.

இருக்கறதுலயே பெரிய தப்பு இதுதான். ஸ்கூல்கள்லருந்து வருஷா வருஷம் கணக்கு வாங்கிப் போடற மத்திய அரசோட யுடைஸ் பிளஸ் ரிப்போர்ட்ல 2021-22 வரைக்கும் செகண்டரின்னா 9, 10 மட்டும், அதுல பசங்க 79.7 சதவீதம், பொண்ணுங்க 79.4. பிளஸ் ஒன் பிளஸ் டூ தனிக் கணக்கு, அங்க பசங்க 57, பொண்ணுங்க 58.2. அப்புறம் புதிய கல்விக் கொள்கைப்படி வகுப்பு பிரிக்கற விதமே மாறிடுச்சு, 9லருந்து 12 வரைக்கும் மொத்தமா ஒரே செகண்டரி, 2023-24ல பசங்க பொண்ணுங்க சேத்து அது 66.5, 2024-25ல 68.5. இப்ப பழைய 79க்குப் பக்கத்துல புது 66அ வச்சுப் பாருங்க, என்னவோ பதிமூணு பாயிண்ட் சரிஞ்சு விழுந்த மாதிரி தெரியும். பழைய ரெண்டு நம்பரையும் சேத்து சராசரி எடுத்தா 68, 69 கிட்ட வரும், அதோட வச்சுப் பாத்தா இறக்கம் ரெண்டு பாயிண்ட் சொச்சம்தான்.

அந்த ரெண்டு பாயிண்டையும் அப்படியே நம்பிடாதீங்க. முன்னாடி ஸ்கூல்லருந்து வகுப்புக்கு இத்தன பேர்னு மொத்தமா எண்ணி அனுப்புவாங்க, 2022-23லருந்து ஒவ்வொரு மாணவனுக்கும் பேர், பொறந்த தேதி, ஆதார்னு தனித்தனி என்ட்ரி. ஒரே பையன் பேர் அரசு பள்ளி ரெஜிஸ்டர்லயும் பக்கத்து பிரைவேட் ஸ்கூல்லயும் இருந்தா இப்ப மாட்டிக்குவான். நாடு முழுக்க ஸ்கூல் மாணவர் எண்ணிக்கை 2021-22ல 26.52 கோடி, அடுத்த வருஷமே 25.17 கோடி, ஒரே வருஷத்துல ஒரு கோடிக்கு மேல பிள்ளைங்க வீட்டுக்குப் போயிட்டாங்கன்னா தெருவுல தெரிஞ்சிருக்காதா? எண்ணற முறை மாறினதால முந்தின வருஷங்களோட நேரடியா ஒப்பிட முடியாதுன்னு அந்த ரிப்போர்ட்லயே எழுதியிருக்கு, யாரு முன்னுரைய எல்லாம் படிக்கறா. சார்ட் போடறவங்க அந்த எடத்துல கோட்ட வெட்டிட்டு புதுசா ஆரம்பிக்கணும், சேத்து இழுக்கக் கூடாது.

வேர்ல்ட் பேங்க் சைட்லருந்து எடுத்த நம்பர யுடைஸ் நம்பரோட ஒட்டறது அடுத்தது. அங்க இந்தியாவுக்கு செகண்டரின்னா ஆறாங்கிளாஸ்லயே ஆரம்பிச்சு பன்னெண்டு வரைக்கும் போகும். வருஷம் கூட வேற, கல்வியாண்டு முடியற வருஷத்தத்தான் போடுவாங்க, நம்ம 2021-22 அங்க 2022. இது தெரியாம ரெண்டு கோட்டையும் ஒரே படத்துல போட்டா எதுக்கு எதோட சண்டைன்னே புரியாது. பழைய காலத்துக்குப் போறப்பவும் இதே பிரச்சனைதான், 1950-51ல 6லருந்து 8 வரைக்கும் பசங்க 20.6 சதவீதம், பொண்ணுங்க 4.6ன்னு அரசு கணக்கு இருக்கு, அத இன்னைக்கு 9லருந்து 12க்கான நம்பரோட சேத்து எழுபது வருஷ வளர்ச்சின்னு போடக் கூடாது.

சதவீதம்னா மேல ஒரு நம்பர், கீழ ஒரு நம்பர். கீழ இருக்கறது அந்த வயசுப் பசங்க நாட்டுல மொத்தம் எத்தன பேர்ங்கறது, அத யாரும் போன வருஷம் எண்ணல, 2011 சென்சஸ வச்சு கணிச்சது. 2021ல எடுக்க வேண்டிய சென்சஸ் தள்ளித் தள்ளி 2027க்குப் போயிடுச்சு. அந்தக் கணிப்பு கொஞ்சம் பிசகினாலும் ஒரு பையன் கூட எடம் மாறாம சதவீதம் மட்டும் மாறும். மேல இருக்கற நம்பர்ல வயசு பாக்க மாட்டாங்க, யாரு அந்த வகுப்புல உக்காந்திருந்தாலும் சேத்துப்பாங்க. டென்த்ல சென்டம் ரிசல்ட் காட்டணும்னு ஒரு ஸ்கூல் சுமாரா படிக்கற பையன ஒன்பதுலயே நிறுத்தி வச்சா அவன் அடுத்த வருஷமும் ஒன்பதாங்கிளாஸ் கணக்குல வருவான், சதவீதம் ஏறும், அது நல்ல செய்தியா? டெல்லி மாதிரி எடத்துல வெளி மாநிலப் பசங்களும் வந்து சேர்றதால நூறத் தாண்டுறதும் உண்டு. வயசுக்கேத்த வகுப்புல இருக்கறவங்கள மட்டும் எண்ணற நிகர சதவீதம் தனியா இருக்கு, கேள்வி அதப் பத்தினதுன்னா அத எடுங்க.

பிளஸ் ஒன்ல பசங்க கொறவா இருக்காங்கன்ன உடனே படிப்ப விட்டுட்டாங்கன்னு முடிவு கட்டறதும் வேண்டாம், குறிப்பா தமிழ்நாட்டப் பத்திப் பேசறப்ப. டென்த் முடிச்சுட்டு நேரா பாலிடெக்னிக்ல மெக்கானிக்கலோ ட்ரிபிள் ஈயோ சேர்ற பையன், ஐடிஐல ஃபிட்டர் படிக்கற பையன், இவங்கெல்லாம் யுடைஸ்ல வர மாட்டாங்க, அது ஸ்கூல் கணக்கு மட்டும். இந்த ரெண்டு எடத்துலயும் பசங்கதான் பெரும்பான்மை. அதுக்காக எல்லாரும் அங்கதான் போறாங்கன்னும் சொல்ல வரல, மெக்கானிக் ஷாப்புக்கும் டெலிவரி வேலைக்கும் போனவன் எத்தன பேர்னு இந்த நம்பர் காட்டாதுங்கறேன்.

பொண்ணுங்க சதவீதத்த பசங்க சதவீதத்தால வகுத்து வர்ற பாலின சமநிலைக் குறியீடு ஒண்ணத் தாண்டினா கொண்டாடறதும் சரி, பசங்க அழிஞ்சாங்கன்னு பொலம்பறதும் சரி, ரெண்டும் அவசரம். 58.2அ 57ஆல வகுத்தா 1.02. பொண்ணுங்க ஏறினாலும் அது கூடும், பசங்க இறங்கினாலும் கூடும். வகுப்புல பசங்க பங்கு எவ்வளவுன்னு பாக்கறது இன்னும் மோசம். பங்களாதேஷ்ல 1994லருந்து கிராமத்துப் பொண்ணுங்களுக்கு உதவித்தொகை குடுத்தாங்க, பொண்ணுங்க நெறைய வந்து சேந்தா வகுப்புல பசங்க பங்கு தானா கொறையும், ஒரு பையன் கூட வெளிய போகாமலே.

ரெஜிஸ்டர்ல பேர் இருக்கறதும் பையன் பெஞ்சுல இருக்கறதும் வேற வேற. அரையாண்டு லீவுல சித்தப்பா கூட பெயின்டிங் வேலைக்குப் போனவன் திரும்பி வரலன்னாலும் அந்த வருஷம் முழுக்க கணக்குல இருக்கலாம். அதனால வீட்டுல போய் கேக்கற சர்வேயும் பக்கத்துல வச்சுக்கங்க. 2023ல அசர் சர்வே 28 மாவட்டத்துல 14லருந்து 18 வயசு வரைக்கும் கேட்டப்ப 86.8 சதவீதம் எங்கயாவது படிச்சிட்டிருக்காங்கன்னு வந்துச்சு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா 14 வயசுல எங்கயும் சேராதவங்க 3.9 சதவீதம், 18 வயசுல 32.6. அதனால மொத்த சராசரிய விட்டுட்டு ஒரே பேட்ச் பசங்க ஒன்பதுல எத்தன பேர், அடுத்தடுத்த வருஷம் பத்து, பதினொண்ணு, பன்னெண்டுல எத்தன பேர்னு எடுங்க. அதுலயும் 2022-23க்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு கலக்காம எடுங்க.