மெத்தையை மடிக்காமல் வீடு மாற்றுவது எப்படி?

மேடவாக்கத்திலிருந்து பெருங்களத்தூருக்கு வீடு மாறியபோது பீரோ, ஃபிரிட்ஜ், கிரைண்டர் எல்லாம் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தன. மெத்தை மட்டும் நடுவில் பள்ளத்தோடு வந்தது. அதன் பிறகு இரண்டு முறை வீடு மாறிவிட்டேன், வீட்டு ஓனர்கள் புண்ணியம். மெத்தை விஷயத்தில் இப்போது கொஞ்சம் தேறிவிட்டேன்.

படி 1: அளவு

கிங் சைஸ் என்றால் 78க்கு 72 அங்குலம், அதாவது ஆறரை அடிக்கு ஆறு அடி. குயீன் சைஸ் 78க்கு 60. இரண்டு வீட்டிலும் லிஃப்ட், வாசல், மாடிப்படித் திருப்பம் மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். புது வீட்டுக்கு இதற்கென்று தனியாகப் போக வேண்டாம். பால் காய்ச்சப் போகும் அன்றே பால் சொம்போடு இஞ்ச் டேப்பையும் எடுத்துப் போங்கள்.

படி 2: சுற்றுவது

முதல் நாளே விரிப்பை எடுத்துவிட்டுத் தூசி தட்டி, ஃபேனுக்கு அடியில் காயவிடுங்கள். இலவம்பஞ்சு மெத்தையை மட்டும் மொட்டை மாடி வெயிலில் போடலாம். ரப்பர் பாலில் செய்யும் லேட்டக்ஸ் மெத்தைக்கு வெயில் ஆகாது.

முதலில் ஒரு பழைய பெட்ஷீட், அதற்கு மேல் கனமான பிளாஸ்டிக் கவர், அப்புறம் பிரவுன் டேப். டேப் பிளாஸ்டிக்கில்தான் ஒட்ட வேண்டும், துணியில் ஒட்டினால் பசை போகாது. பபிள் ஷீட் வீண் செலவு. அது கண்ணாடிக்கு, மெத்தைக்கு எதற்கு?

படி 3: வெளியே எடுப்பது

நான் கோட்டை விட்டது இங்கேதான். எங்கள் அப்பார்ட்மென்ட் லிஃப்டில் நாலு பேர் நின்றாலே மூச்சு முட்டும். "மடிச்சா போயிடும் சார், நாங்க பாக்காத மெத்தையா?" என்றார் லோடு ஏற்ற வந்தவர். நானும் தலையாட்டினேன். இரண்டு பேர் முழங்காலால் அழுத்தி மடித்தபோது உள்ளே 'மளுக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், முடிந்தது கதை.

காயர் மெத்தை என்பது தேங்காய் நாரில் ரப்பர் பாலைத் தெளித்து, அழுத்திச் செய்யும் பலகை மாதிரியான ஒன்று. மடித்தால் நாரைப் பிடித்திருக்கும் ரப்பர் விட்டுப்போகும். அப்புறம் எத்தனை நாள் நேராகப் போட்டு வைத்தாலும் ஒட்டாது. ஸ்பிரிங் மெத்தையில் ஓரத்தைச் சுற்றி ஓடும் கம்பி வளைந்துவிடும். ஃபோம் மெத்தையை ஒன்றிரண்டு மணி நேரம் சுருட்டி வைக்கலாம், ராத்திரி முழுக்க அப்படியே விடக்கூடாது. வாரன்டி அட்டையை நான் எடுத்துப் பார்த்தது அன்று இரவுதான். மடித்தால் செல்லாது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது.

ஆகவே மடித்தால்தான் லிஃப்டில் போகும் என்றால், லிஃப்டை மறந்துவிட்டுப் படிக்கட்டில் இறக்குங்கள். மெத்தையை நீளப்பக்கம் தரையில் இருக்கும்படி நிறுத்தி, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடிக்க வேண்டும். இறங்கும்போது கீழே இருப்பவர் மேல்தான் கனம் சாயும், பலசாலியை அங்கே நிறுத்துங்கள். திருப்பத்தில் ஆறரை அடிப் பக்கத்தைச் செங்குத்தாக நிமிர்த்தித் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும். ஓரத்தில் தைத்திருக்கும் கைப்பிடியைப் பிடித்து முழு மெத்தையையும் தூக்காதீர்கள், தையலோடு வந்துவிடும். கட்டிலில் போட்டபின் இழுத்துச் சரிசெய்வதற்குத்தான் அது. அடியில் கைகொடுத்துத் தூக்குங்கள். லேட்டக்ஸ் என்றால் மூன்றாவது ஆள் வேண்டும். கனமும் அதிகம், மூலையைப் பிடித்து இழுத்தால் கிழியவும் கிழியும்.

படி 4: வண்டியில்

குட்டி யானை (டாடா ஏஸ்) வண்டியின் பின்பக்கம் ஏறக்குறைய ஏழு அடி நீளம், ஐந்து அடி அகலம்தான். கிங் சைஸ் மெத்தை படுக்கைவாட்டில் அடங்காது. பீரோவுக்கும் கட்டில் பலகைக்கும் நடுவே நிறுத்திவிடுங்கள். "கீழே போட்டா குஷன் மாதிரி இருக்கும்" என்று மெத்தை மேல் கிரைண்டரை வைக்க வருவார்கள். விடாதீர்கள்.

கயிறு படும் இடத்தில் அட்டைப்பெட்டித் துண்டு வையுங்கள். இல்லாவிட்டால் மெத்தையில் வரி விழும். மேலே தார்ப்பாய் கட்டாயம். ஐப்பசி, கார்த்திகை என்றால் இரண்டு.

படி 5: வந்து இறங்கியதும்

முதலில் பிரிக்க வேண்டியது மெத்தைக் கவர். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பிளாஸ்டிக்கோடு ஒரு வாரம் சுவரில் சாய்த்து வைத்தால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், மெத்தையும் வளைந்துவிடும்.

பின்சேர்க்கை: பால்கனி வழியாகக் கயிறு கட்டி இறக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். பக்கத்தில் மின்கம்பி போகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம். இல்லையென்றாலும் நான் செய்யமாட்டேன். காற்றடித்தால் மெத்தை பாய்மரம் மாதிரி இழுக்கும்.

இன்னொருவர், படிக்கட்டிலும் திரும்பவில்லை, வேறு வழியே இல்லையா என்கிறார். பழைய மெத்தைக்கு என்னிடம் பதில் இல்லை. புதிதாக வாங்கும்போது 78க்கு 36 அளவில் இரண்டாக வாங்கிச் சேர்த்துப் போடுங்கள். நான் இப்போது வைத்திருப்பது அப்படித்தான். நடுவில் ஒரு கோடு தெரியும், விரிப்பு போட்டால் மறைந்துவிடும்.