கை கால் திரும்பிவிட்டது, அசதி மட்டும் போகவில்லை

பக்கவாதம் வந்து ஆறே வாரத்தில் என் இடது கை ஊசியில் நூல் கோக்கிற அளவுக்குத் திரும்பிவிட்டது. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவே அதிசயமாகப் பார்த்தது. ஆனால் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை ஏற்றி முடிப்பதற்குள் மிஷின் மேலேயே தலையைச் சாய்த்துவிடுவேன். "கை கால்தான் நல்லா கீதே, அப்புறம் இன்னா?" என்று கேட்பார்கள். தூங்கி எழுந்தாலும் போகாத அசதியை எப்படி விளக்குவது? வாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது இருக்கிறது. லேசாக வந்தவர்களையும் விடுவதில்லை. மூன்று வருடத்தில் நான் பழகிக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் டாக்டரிடம் போய் "அசதி" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கை காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டால் திரும்பவும் சொல்லுங்கள். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, சோடியம், பி12 எல்லாம் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். எனக்கு ஹீமோகுளோபின் 9.4 தான் இருந்தது. ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம் குறைந்தால், வயிற்றில் எங்காவது கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். மலம் கறுப்பாகப் போனால் மறைக்காமல் சொல்லுங்கள். குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்பதைப் பக்கத்தில் படுப்பவரிடம்தான் கேட்க வேண்டும். பிரஷர் மாத்திரை, வலிப்பு மாத்திரை, தசை இறுக்கத்துக்குக் கொடுக்கிற மாத்திரை இவையும் சிலரை அசத்திப் போடும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வேளையையோ அளவையோ மாற்ற முடியுமா என்று கேளுங்கள். எதிலும் மனம் ஒட்டவில்லை, அழுகை வருகிறது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், அதற்கும் வைத்தியம் உண்டு.

இந்த அசதிக்கென்றே தனி மாத்திரை எதுவும் உறுதியாகவில்லை. எனக்குப் புறா ரத்தம் தடவச் சொன்னார்கள். புறாக்கள் பிழைத்தன.

அடுத்தது நோட்டு. மகளின் பழைய பள்ளிக்கூட நோட்டில் இரண்டு வாரம் எழுதினேன்: மணி, செய்த வேலை, பத்துக்கு எத்தனை அசதி. அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. நடந்ததைவிட, எம்.சி. ரோட்டில் லைனிங் துணி வாங்கப் போய்ச் சத்தத்தில் நின்றதும், வாடிக்கைக்காரரோடு கணக்குப் பேசியதும்தான் என்னை அதிகம் சாய்த்தன. அதுவும் அன்றைக்கே இல்லை, மறுநாள்.

நல்ல நாளில்தான் நான் மாட்டிக்கொண்டேன். லாரித் தண்ணீர் வந்த அன்று வீட்டில் என்ன நடக்கும்? போர்வை, பாய் எல்லாம் துவைத்துத் தீர்த்துவிட்டு மறுநாள் காலிக் குடத்தோடு நிற்போம். உடம்பு தெளிவாக இருந்த நாளில் ஐந்து ஜாக்கெட் தைத்துவிட்டு மூன்று நாள் படுத்தேன். இப்போது நல்ல நாளோ கெட்ட நாளோ இரண்டுதான். போனில் 20 நிமிடம் அலாரம் வைப்பேன். அடித்ததும் தையல் பாதியில் இருந்தாலும் எழுந்துவிடுவேன். அசந்த பிறகு நிறுத்தினால் பலன் இல்லை, அசருவதற்கு முன்னால் நிறுத்த வேண்டும். பத்து நிமிடம் கண்ணை மூடிப் படுப்பேன். டிவி பார்ப்பது ஓய்வில் சேராது, போன் நோண்டுவதும்தான். துணி வெட்டுவது மாதிரி மூளை ஓட வேண்டிய வேலையைக் காலையிலேயே முடித்துவிடுவேன். குளிப்பது பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துதான். ஆஸ்பத்திரி போகிற நாளில் வேறு வேலை கிடையாது. மதியத் தூக்கம் அரை மணி நேரத்தைத் தாண்டினால் இரவுத் தூக்கம் போய்விடுகிறது.

அதற்காகப் படுத்தே கிடந்தாலும் உடம்பில் இருக்கிற கொஞ்சம் தெம்பும் வடிந்துவிடும். வெயிலுக்கு முன்னால் தெருவில் இரண்டு லைட் கம்பம் வரை நடந்து திரும்பினேன். ஒரு வாரம் அதே தூரம். மறுநாள் சாயவில்லை என்றால் இன்னொரு கம்பம். சாய்ந்தால் பழைய தூரத்துக்கே வந்துவிடுவேன். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "முயற்சி பண்ணாதான ஆகும்" என்று குத்தாதீர்கள். என் மனைவியும் சொன்னவள்தான். நோட்டைப் படிக்கக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து குடம் தூக்குவது என் மகன் வேலையாகிவிட்டது.

ஒன்றை மட்டும் இந்த அசதியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. திடீரென்று வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, பார்வை மங்குவது எல்லாம் மறுபடியும் வாதம் வருவதன் அடையாளமாக இருக்கலாம். படுத்தால் சரியாகும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மூளை ரத்தக்குழாயில் அடைப்பைக் கரைக்கிற ஊசியைப் பொதுவாக அடையாளம் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

இப்போது என் பட்டறையில் ஒரு சிலேட்டு தொங்குகிறது: 'இன்றைக்கு இரண்டுதான்.' கொக்கி வைப்பதை மகள் பார்த்துக்கொள்கிறாள். "நைனா, அலாரம் அடிச்சிடுச்சு, எழுந்திரு" என்று அதட்டுவதும் அவள்தான்.