கேஸால் தள்ளாதீர்கள்: வீட்டில் பீர் லைன் கிளீனர் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஃபிரிட்ஜில் துளை போட்டு, டேப் மாட்டி, கெக்கை (பீர் நிரப்பிய ஸ்டீல் பீப்பாயை) உள்ளே இறக்குகிற வரைக்கும் எல்லாரும் நன்றாகத்தான் செய்கிறார்கள். சிக்கல் சில மாதம் கழித்து வருகிறது. முதல் கெக்கில் அருமையாக இருந்த அதே பீர், அடுத்தடுத்த கெக்கில் லேசான வெண்ணெய் வாசத்தோடு வரும். பிறகு புளிப்பு தட்டும். டேப்பைத் திறந்தால் பாதி கிளாஸ் நுரை. உடனே ஈஸ்ட்டைச் சந்தேகப்படுவார்கள், தண்ணீரைச் சந்தேகப்படுவார்கள். லைனை, அதாவது கெக்கிலிருந்து டேப்புக்குப் பீரைக் கொண்டுவருகிற குழாயை, சந்தேகப்படுபவர் குறைவு.

ஜிம்மி கார்ட்டர் 1978-ல் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகு அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவது கராஜ் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. இங்கே இருக்கிற நம் ஆட்களும் நிறையப் பேர் இறங்கியிருக்கிறார்கள். (தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் காய்ச்சக் கூடாது, ஆகவே ஊரில் முயன்று பார்க்க வேண்டாம்.) லைனுக்குள் கரைசலைத் தள்ளிக் கழுவுகிற கருவிதான் கிளீனர். கடையில் விற்கிற அதன் விலையைப் பார்த்ததும், "இதென்ன பெரிய வித்தை, நானே செய்துவிடுகிறேன்" என்று கிளம்புவது நம் ரத்தத்தில் ஊறியது. செய்யலாம், தப்பில்லை. ஆனால் நான் ஆரம்பத்தில் செய்த அதே கோளாறுகளைப் புதிதாக வருகிறவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்தால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. கிளாம்பை இறுக்கு, அலசிவிட்டு ஊற்று என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

எதைக் கழுவுகிறோம் என்று தெரியாமலே கருவி செய்வது

லைனுக்குள் இருப்பது இரண்டு வகை அழுக்கு. ஈஸ்ட், புரதம், ஹாப் பிசின், இவற்றின் மேல் குடியேறிய பாக்டீரியா எல்லாம் சேர்ந்த வழவழப்பான படலம் ஒன்று. அந்த வெண்ணெய் வாசமும் புளிப்பும் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகின்றன. இன்னொன்று பீர்க்கல், அதாவது கால்சியம் ஆக்சலேட். குழாயின் உள்சுவரில் சொரசொரப்பாகப் படியும். முதல் வகைக்குக் காரம் (காஸ்டிக் சோடா போன்றது) வேண்டும், இரண்டாவதற்கு அமிலம் வேண்டும். அமெரிக்க ப்ரூவர்ஸ் அசோசியேஷனின் கையேடு 14 நாளுக்கு ஒருமுறை காரம், 3 மாதத்துக்கு ஒருமுறை அமிலம் என்கிறது. அது மதுக்கடைகளுக்கான கணக்கு. வீட்டில் கெக் தீரும்போதெல்லாம் காரம் என்று வைத்துக்கொண்டால் போதும் என்பது என் பழக்கம். ஒரு கெக் மாதக்கணக்கில் ஓடினால் நடுவிலும் ஒருமுறை.

ஸ்டார் சான் விட்டு அலசிவிட்டு "கழுவியாச்சு" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது கிருமிநாசினி. சுத்தமான பரப்பில்தான் அது வேலை செய்யும், அழுக்கைப் பெயர்க்காது.

கேஸ் சிலிண்டர் இருக்கிறதே என்று அதையே மாட்டுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். செய்கிறவர்கள் அதிகம். செய்துவிட்டு லைன் சுத்தமாகிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கவும் செய்கிறார்கள்.

வழக்கமாக நடப்பது இப்படி. இரண்டு லிட்டர் சோடா பாட்டில் ஒன்று. அதன் வாயில் கெக் இணைப்பைச் சொடுக்கி மாட்டுகிற மூடி, சில டாலருக்குக் கிடைக்கும். பாட்டிலில் ஒரு லிட்டர் காஸ்டிக் கரைசல். ஃபிரிட்ஜுக்குள் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தயாராக நிற்கிறது. கேஸை மாட்டி 30 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அளவு) ஏற்றி, கழற்றி, பீர் லைனை மாட்டி, பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து டேப்பைத் திறந்தால் கரைசல் சீறிக்கொண்டு வருகிறது. பார்க்க அழகாக இருக்கும். ஐந்து டாலரில் கிளீனர்!

நண்பர் ஒருவர் இப்படிச் செய்துவிட்டு ஒரு சனிக்கிழமை போன் செய்தார். "அண்ணா, மூடியில லீக். அழுத்தம் நிக்கவே மாட்டேங்குது. வாஷர் மாத்திட்டேன், டெஃப்லான் டேப் சுத்திட்டேன், சோப்புத் தண்ணி அடிச்சுப் பார்த்துட்டேன், ஒரு குமிழிகூட வரல."

"பாட்டிலை குலுக்கினியா தம்பி?"

"நல்லா கலக்கட்டும்னு குலுக்கினேன்."

லீக் எதுவும் இல்லை. கேஸைக் காஸ்டிக் தின்றுகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்புத் தெளிநீரில் மூச்சை ஊதிப் பால்போல் வெளுக்க வைத்தோமே, அதே சங்கதிதான். காஸ்டிக் சோடாவும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்தால் சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா. அதுவும் காரம்தான், ஆனால் பிசின் பிடித்த லைனுக்கு அதன் பலம் போதாது.

கணக்கையும் போட்டுவிடலாம். 2 சதவீதக் கரைசல் என்றால் ஒரு லிட்டரில் 20 கிராம் காஸ்டிக். அதை முழுக்கச் சலவைச் சோடாவாக்க 11 கிராம் கார்பன் டை ஆக்சைடு போதும், சாதாரண அழுத்தத்தில் ஏறத்தாழ 6 லிட்டர். பாட்டிலில் காலியாக இருக்கிற ஒரு லிட்டர் இடத்தில் 30 பி.எஸ்.ஐ. ஏற்றினால் ஏற்கெனவே இருந்த காற்று போக, சுமார் 2 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு உள்ளே போகும். நன்றாகக் குலுக்கினால் மூன்றில் ஒரு பங்கு காஸ்டிக் போச்சு. அழுத்தம் இறங்கிவிட்டதே என்று மறுபடி மறுபடி ஏற்றிக் குலுக்குவீர்கள், மீதியும் போச்சு. கடைசியில் லைனுக்குள் போவது துணி துவைக்கிற தண்ணீர்.

பாட்டிலுக்குப் பதில் காலி கெக்கையே எடுப்பவர்கள் உண்டு. பீர் தீர்ந்த கெக்குக்குள் நிறைந்திருப்பது கார்பன் டை ஆக்சைடு. அதில் காஸ்டிக்கை ஊற்றி மூடி உருட்டினால் உள்ளே வெற்றிடம் உண்டாகும். மூடி அழுத்தத்தால்தான் ரப்பரோடு இறுகி நிற்கிறது. அழுத்தம் போனால் பிடிப்பும் போய்விடும். பெரிய ப்ரூவரிகளில் இதே காரணத்தால் ஸ்டீல் டாங்குகளே உள்வாங்கி நசுங்கியிருக்கின்றன.

அதோடு முடியாது. கெக்கை விளிம்புவரை நிரப்பி 30 பி.எஸ்.ஐ. ஏற்றிவிட்டு, வேலை முடிந்ததும் ரெகுலேட்டரை (சிலிண்டர் கேஸின் அழுத்தத்தைக் குறைத்து விடுகிற கருவியை) பழையபடி 12 பி.எஸ்.ஐ.-க்கு இறக்குவார்கள். கெக்கில் அழுத்தம் அதிகம், குழாயில் குறைவு. நடுவில் செக் வால்வு (ஒரு பக்கம் மட்டும் ஓடவிடுகிற வால்வு) இல்லையென்றால் கரைசல் கேஸ் குழாய் வழியாகவே திரும்பி ஏறும். காரம் ஏறிய ரெகுலேட்டரைப் பிரித்துத் துடைத்து மறுபடி நம்புகிற தைரியம் எனக்கு இல்லை. ஐந்து டாலர் மிச்சம் பிடிக்கப் போய் ரெகுலேட்டர் வாங்குகிற கதை.

இதெல்லாம் நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் கழுவினதாகாது. 3/16 அங்குலக் குழாய் பத்தடியில் பிடிக்கிற திரவமே 55 மில்லி கிட்டத்தட்டத்தான். கேஸால் தள்ளினால் அந்த ஒரு லிட்டர் கால் நிமிஷத்தில் வெளியே வந்துவிடும். கையேடு சொல்வதோ 15 நிமிஷம் சுற்றவிட வேண்டும், அல்லது லைனை நிரப்பி 20 நிமிஷம் ஊறவிட வேண்டும்.

அப்படியானால் எதால் தள்ளுவது? பம்ப் வைத்துச் சுற்றவிடுவது உத்தமம். அது இல்லையென்றால் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற கைப்பம்ப் ஸ்ப்ரேயர். அது தள்ளுவது வெறும் காற்று, அதிலிருக்கிற கார்பன் டை ஆக்சைடு சொல்லிக்கொள்ளும்படி எதுவும் செய்யாது. காரம் தாங்கும் என்று அதன் குறிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக வாங்குங்கள், களைக்கொல்லி ஊற்றிய ஸ்ப்ரேயரை எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். ஸ்ப்ரேயரால் லைனை நிரப்பி 20 நிமிஷம் ஊறவிட்டு, பிறகு மறுபடி தள்ளுங்கள். அந்த சோடா பாட்டிலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வெறும் தண்ணீரில் அலசவும் ஸ்டார் சான் விடவும் வைத்துக்கொள்ளலாம். காஸ்டிக் மட்டும் வேண்டாம். பாட்டில் செய்கிற பெட் (PET) பிளாஸ்டிக்கையே காரம் அரித்துவிடும். அரித்த பாட்டிலில் 30 பி.எஸ்.ஐ. ஏற்றி முகத்துக்கு நேரே தலைகீழாகப் பிடிப்பதை நினைத்துப் பாருங்கள்.

அட்டையில் இருக்கிற எண்ணை நம்பிப் பம்ப் வாங்குவது

மீன்தொட்டிப் பம்ப்பின் அட்டையில் மணிக்கு 300 காலன் என்று போட்டிருக்கும். அது எந்தத் தடையும் இல்லாமல் சும்மா கொட்டும்போது வருகிற அளவு. பார்க்க வேண்டிய எண் அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும், எத்தனை அடி உயரம் ஏற்றும் என்று. ஆறடி ஏற்றுகிற பம்ப்பின் அழுத்தம் 2.6 பி.எஸ்.ஐ.தான். பீர் ஊற்றும் வேகத்தில் 3/16 அங்குல வினைல் குழாய் அடிக்கு 2 முதல் 3 பி.எஸ்.ஐ. வரை விழுங்கும். பத்தடிக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இரண்டு லைனை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் இன்னும் மோசம். பக்கெட்டில் ஒழுகுகிற நூல் போன்ற தண்ணீரைப் பார்த்துவிட்டு "சுத்துது அண்ணா" என்பார்கள்.

சோதனை சுலபம். அளவு ஜாடியை எடுத்து ஒரு நிமிஷம் பிடியுங்கள். டேப்பில் பீர் நிமிஷத்துக்கு ஏறத்தாழ ஒரு காலன், அதாவது 3.8 லிட்டர் வேகத்தில் வருகிறது. அதைவிட மெதுவாகக் கழுவி எந்த அழுக்கு பெயரும்? அந்த வேகம் வரவில்லையென்றால் அதிக உயரம் ஏற்றுகிற பம்ப்புக்குப் போங்கள், அல்லது பம்ப்பை மறந்துவிட்டு 20 நிமிஷம் ஊறவிடுங்கள். இரண்டாவது ஒன்றும் கௌரவக் குறைவு இல்லை.

பம்ப்பின் உடம்பிலோ இணைப்பிலோ அலுமினியம் இருந்தால் தொடாதீர்கள். காஸ்டிக் அதைக் கரைக்கும், ஹைட்ரஜன் கிளம்பும்.

டேப்பைக் கழற்றாமல் லைனை மட்டும் கழுவுவது

கருவி செய்த பெருமையில் எல்லாரும் மறப்பது இது. டேப்பைக் கழற்றி, கழுத்து வளையத்தைத் திருகி எடுத்து, உள்ளே இருக்கிற தண்டை வெளியே இழுத்துப் பாருங்கள். நகத்தால் சுரண்டினால் பழுப்புப் பசை நகத்தோடு வரும். முகர்ந்து பாருங்கள், உங்கள் பீரின் புளிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். தண்டு பின்பக்கம் மூடுகிற பழைய மாதிரி டேப்களில் ஒவ்வொரு முறை ஊற்றிய பிறகும் உள்ளே தங்குகிற பீர் காற்றுபட்டுக் காய்கிறது. எந்தப் பம்ப்பாலும் அதை முழுக்க எடுக்க முடியாது, பிரஷ்தான்.

கழற்றினால் கருவிக்கும் வசதி. டேப் உட்காருகிற திருகு 1⅛ அங்குலம், அங்குலத்துக்கு 18 புரி. அதில் பொருந்துகிற இணைப்பை வாங்கிப் பம்ப் குழாயை நேரே மாட்டலாம். டேப்பின் மூக்கில் குழாயைச் செருகி கிளாம்ப் போடுகிறவர்கள் ஒருநாள் சமையலறைச் சுவரைக் கழுவுவார்கள்.

பி.வி.சி. பைப்பில் கேஸ் ஏற்றுவது

ஹார்டுவேர் கடை பைப், இரண்டு மூடி, ஒரு வால்வு, சிலிண்டர். வெடிகுண்டு. பைப் மேல் அச்சடித்திருக்கிற அழுத்தம் தண்ணீருக்கு. கேஸ் அடைத்துப் பிளந்தால் சில்லு சில்லாகப் பறக்கும்.

ஆக்சிஜன் பவுடரைக் கரைத்து மூடி வைப்பது

பெர்கார்பனேட் கலந்த கழுவுகிற பவுடர் கரைந்தபடியே ஆக்சிஜன் விடும். மீதிக் கரைசலை இறுக மூடி அலமாரியில் வைக்காதீர்கள். கொட்டிவிடுங்கள்.

ப்ளீச்

வேண்டாம். ஸ்டீலுக்கும் ஆகாது, ருசிக்கும் ஆகாது. அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு.

கொதிநீர்

கையேடு சொல்வது 80 முதல் 110 டிகிரி ஃபாரன்ஹீட். கை பொறுக்கிற வெதுவெதுப்பு. அதற்கு மேல் வினைல் குழாய் இளகி இணைப்பிலிருந்து நழுவும், உள்ளே ஓடுவது காஸ்டிக்.

கையுறையும் கண்ணாடியும்

போடுங்கள். தண்ணீரில்தான் காஸ்டிக்கைக் கொட்ட வேண்டும், காஸ்டிக்கில் தண்ணீரை அல்ல.

காஸ்டிக்கின் வழவழப்பு போய்விட்டது என்று அலசுவதை நிறுத்துவது

விரலால் தேய்த்துப் பார்த்து முடிவு செய்வது நம் ஊர் வழக்கம், ஆனால் குடிக்கப் போகிற குழாய்க்கு அது ஆகாது. பி.எச். தாள் வாங்குங்கள். வீட்டுக் குழாய்த் தண்ணீரில் ஒன்று, டேப்பிலிருந்து வருகிற தண்ணீரில் ஒன்று. இரண்டும் ஒரே நிறம் காட்டும் வரை தண்ணீர் ஓடட்டும். அமிலமும் விடுகிற நாளானால், காரத்தை இப்படி முழுக்க அலசிய பிறகுதான் அமிலம்.

மாற்ற வேண்டிய குழாயைக் கழுவிக்கொண்டே இருப்பது

வினைல் குழாயை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது அதே கையேடு. ரூட் பீரோ, பழச்சுவை சேர்த்த பீரோ ஓடிய குழாய் அந்த வாசனையை விடவே விடாது. ஏலக்காயும் இஞ்சியும் போட்டு நீங்கள் காய்ச்சிய சோதனைப் பீருக்கும் இது பொருந்தும். அடுத்து ஓடுகிற லாகர் முழுக்கப் பாயச வாசனை வரும். அதைப் போக்கக் காஸ்டிக்கின் அளவைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள். பத்தடி வினைல் குழாய் ஒரு சிக்ஸ்-பேக் விலைகூட ஆகாது.