வீட்டு நெட்வொர்க்கில் விலான்: எங்கே கோட்டை விடுகிறோம்?

கீழே வீட்டுக்காரர், மாடியில் வாடகைக்காரர் என்று இருக்கும் வீடுகள் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் நிறைய. வாசலில் கேமரா, வளைகுடாவில் இருக்கும் மகன் அதை அங்கிருந்தே திறந்து பார்ப்பார். எல்லாம் ஒரே இணைப்பில் ஓடுகிறது. விலான் (VLAN, ஒரே இணைப்பைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் ஏற்பாடு) போட்டுப் பிரிப்பது நல்ல காரியம்தான். ஆனால் அரைகுறையாகப் போட்டால், பிரிந்துவிட்டது என்ற நம்பிக்கை மட்டுமே மிஞ்சும்.

தக்கலையில் அத்தை வீட்டில் முதன்முதலாகப் போட்டபோது நான் சறுக்கியது பிவிஐடி (PVID) என்ற அமைப்பில். சுவிட்சில், அதாவது ஒயர்களைச் செருகும் நெட்வொர்க் பெட்டியில், கேமரா செருகிய ஐந்தாம் போர்ட்டை விலான் 20இல் அன்டேக்டு என்று சேர்த்தேன், எல்லா போர்ட்டும் முதலில் இருக்கும் விலான் 1இலிருந்து நீக்கினேன். "கேமரா ஒண்ணும் தெரியல்லியே மக்களே" என்றார் அத்தை. அன்டேக்டு என்பது, போர்ட்டை விட்டு வெளியே போகும்போது டேக்கை, அதாவது விலான் எண்ணைச் சொல்லும் அடையாளத்தை, கழற்று என்ற கட்டளை மட்டுமே. கேமராவிலிருந்து உள்ளே வருவது எந்த விலானில் சேரும் என்பதைச் சொல்வது பிவிஐடி. அது 1லேயே நின்றதால் ரவுட்டர் கொடுத்த ஐபி முகவரி கேமராவுக்குத் திரும்பி வரவில்லை. விலை குறைந்த ஸ்மார்ட் சுவிட்சுகள் பலவற்றில் இவை தனித்தனிப் பக்கங்களில் இருக்கும், இரண்டையும் மாற்றுங்கள். ரவுட்டருக்குப் போகும் போர்ட்டில் மட்டும் விலான் 20 டேக்டாக, அதாவது டேக்கோடு போவதாக, இருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, சுவிட்சோடு நிறுத்திக்கொள்வது. பல ரவுட்டர்களில் நாமாகத் தடுக்காதவரை ஒரு விலானிலிருந்து இன்னொன்றுக்கு வழி திறந்தே கிடக்கும். எண்ணும் ஐபியும் மாறியிருக்கும், ஆனாலும் மாடிக்காரர் போன் உங்கள் கம்ப்யூட்டரைத் தொட முடியும். ரவுட்டரில் எது எங்கே போகலாம் என்று தீர்மானிக்கும் ஃபயர்வாலில் மாடியிலிருந்தும் கேமராவிலிருந்தும் வீட்டு விலானுக்குப் போவதைத் தடுங்கள். வீட்டிலிருந்து கேமராவுக்குப் போவதை அனுமதியுங்கள். ரவுட்டரின் அட்மின் பக்கத்தையும் அந்த இரண்டுக்கும் மூடுங்கள். அப்படி மூடும்போது தளத்தின் பெயரை ஐபியாக மாற்றும் டிஎன்எஸ்ஸுக்கான 53, ஐபி கொடுக்கும் டிஹெச்சிபிக்கான 67 ஆகிய போர்ட் எண்களையும் (இவை ஒயர் செருகும் போர்ட் அல்ல) சேர்த்து மூடிவிடுகிறவர்கள் உண்டு. அப்புறம் வைஃபை இருக்கும், இணையம் வராது. ஒரு லேப்டாப்பை கேமரா ஒயரில் செருகி, வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறக்க முடிகிறதா என்று சோதித்தால்தான் எனக்கு நிம்மதி.

விலான் எண் 1 முதல் 4094 வரை எதுவும் இருக்கலாம். ஐபியிலும் அதே எண் வரட்டும்: 20க்கு 192.168.20. ஆறு மாதம் கழித்துப் பார்க்கிறவருக்கும் புரியும். வைஃபை பிரிண்டர் வேறு விலானுக்குப் போனால் போனில் தானாகத் தெரியாது; பிரிண்டரைத் தேடிப் போன் அனுப்பும் அழைப்பு விலானைத் தாண்டாது. அதை வீட்டு விலானிலேயே வையுங்கள்.

வேலை முடியும்வரை ஒரு போர்ட்டை விலான் 1இல் தொடாமல் விடுங்கள். சுவிட்சின் அமைப்புப் பக்கத்துக்கு வழி போய்விட்டால் ரீசெட் பண்ணி எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டியதுதான்.

கடைசியாக, சேவ். சில சுவிட்சுகளில் அப்ளை கொடுத்தால் அது அப்போதைக்குத்தான். சேவ் கான்ஃபிக் தனியாக இருக்கும். ஐப்பசி மழையில் இடி இடித்து கரண்ட் போய் வந்தால், போட்டதெல்லாம் அழிந்து பழையபடி ஒரே நெட்வொர்க் ஆகிவிடும். இணையம் வேலை செய்வதால் வீட்டில் யாருக்கும் தெரியாது. சேவ் செய்ததும் பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள். விலான் 20 அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.