பல்லிடுக்கில் பனம்நார் சிக்கினால்

பனம்பழம் சூப்பும் காலம் வந்தால் வன்னியில் பலருக்கும் பல்லிடுக்கில் நார்தான். உடனே கை ஈர்க்கைத் தேடும், இல்லாவிட்டால் சட்டை ஊசியை. தயவுசெய்து வேண்டாம், முரசை, அதாவது பல் ஈறைக் குத்திக் கிழித்துவிடும். மீன்பிடிக்கும் தங்கூசி (நைலோன்) நூலும் அப்படித்தான், வெட்டும்.

பாமசியில் பல் நூல் கேளுங்கள், டென்டல் ஃபுளோஸ் என்றால் தருவார்கள். பல் நெருக்கமானவர்களுக்கு மெழுகு பூசியது இலகு. ஏறக்குறைய 45 சென்ரிமீற்றர் எடுத்து, இரண்டு நடுவிரல்களிலும் சுற்றி, இடையில் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மட்டும் விடுங்கள். மெல்ல அசைத்து இறக்க வேண்டும். பலர் பிழைவிடுவது இங்கேதான்: டக்கென்று அழுத்தினால் நூல் முரசில் போய் வெட்டும். இறங்கியதும் பல்லை அணைத்தாற்போல வளைத்து, முரசின் விளிம்புக்குச் சற்றுக் கீழிருந்து மேலும் கீழுமாகத் தேய்த்து எடுங்கள். பக்கத்துப் பல்லுக்கும் அப்படியே. அடுத்த இடுக்குக்கு நூலின் புதுப் பகுதி.

நார் சிக்கிய அன்று மட்டுமல்ல, தினமும் இரவில் ஒருமுறை செய்யுங்கள். பிரஷ் அந்த இடுக்குக்குள் போகாது, சொத்தையும் முரசு வீக்கமும் அங்கேதான் தொடங்கும். முதல் சில நாள் கொஞ்சம் இரத்தம் வரலாம், பயந்து நிறுத்தாதீர்கள். இரண்டு கிழமை கழிந்தும் நிற்காவிட்டால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.